பிறந்த வருடம் தப்பாகப் போட்ட கண்ணீர் அஞ்சலி: கொரோனாவில் மகனை இழந்த ஒரு அப்பாவைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊர், வயது, இன்னும் சில சின்ன விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். துக்கத்தில் இருக்கும் குடும்பங்களோடு வேலை பார்ப்பவர்களுக்காக எழுதியது, ஆனால் நண்பனுக்குப் போஸ்டர் அடிக்கப் போகிறவர்கள் படித்தாலும் நல்லதுதான்.

பின்னணி

தென்மாவட்டத்தில் ஒரு சின்ன நகராட்சி. அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டிவிட்டார், பல வருடமாகச் சர்க்கரை. அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைப்பவர். மூத்த மகளை வேறு மாவட்டத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இளையவன் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர், முப்பதை நெருங்கும் வயது, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் குடும்பத்துக்குப் பொது மரியாதை என்றாலே ஒரு கசப்பு இருந்தது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடு முழுக்கக் கைதட்டினார்களே, அன்றைக்கு இவர்கள் தெருவிலும் தட்டு, கரண்டி எல்லாம் முழங்கியது. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் வாசலில் விளக்கு எரிந்தது. அதே தெருவில்தான் அடுத்த சில நாட்களில் இரண்டு பேர் அப்பாவிடம் வந்து, தம்பி கொஞ்ச நாளைக்கு வேறு எங்காவது தங்கட்டுமே என்று பதமாகச் சொன்னார்கள். மகன் மறு பேச்சில்லாமல் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறையில் போய்த் தங்கினான், அம்மா கொடுத்தனுப்பும் சாப்பாட்டுத் தூக்கை ஆட்டோ ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்வான்.

ஏப்ரல் 19 அன்று சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு மூத்த மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்து விரட்டியதை டிவியில் பார்த்த அம்மா, வேலையை விட்டுவிடு என்று மகனிடம் அழுதிருக்கிறார். (அதற்குப் பிறகுதான், அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.) அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பாதியில விட்டுட்டு வந்தா நாளைக்கு ஒரு பய வேலை தரமாட்டான்" என்று சொன்னவர் அவர்தான். பின்னால் வந்த எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இறப்பு, 2021 மே

இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாட்கள். மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று என்று அறிக்கை வந்தது, 24ஆம் தேதியிலிருந்து தளர்வில்லாத முழு ஊரடங்கு. அந்த வாரத்தில்தான் மகன் ஆஸ்பத்திரியில் இறந்தான். காய்ச்சல் வந்து படுத்தவன், பத்து நாளில் போய்விட்டான்.

உடலைப் பையில் கட்டி நேராக நகராட்சி மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். முழுக்கவச உடை போட்ட சில தன்னார்வலர்கள் இறக்கினார்கள். அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் மயானத்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். மத்திய சுகாதாரத் துறை 2020 மார்ச்சில் கொடுத்த வழிகாட்டுதலிலேயே, ஊழியர் பையைத் திறந்து குடும்பத்தாருக்கு முகம் காட்டலாம், உடலைத் தொடாமல் செய்யும் சடங்குகளைச் செய்யலாம், அஸ்தியால் ஆபத்தில்லை என்றெல்லாம் இருந்தது. அன்றைக்கு அதை இவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் நேரமில்லை, இவருக்கும் கேட்கத் தெரியவில்லை. பூக்கடை இல்லாததால் ஒரு முழம் பூகூடக் கிடைக்கவில்லை. மகளும் மருமகனும் இ-பதிவு போட்டுக் கிளம்பி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் சாவு என்றால் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஊரே வந்து உட்காரும், ஒரு மாதம் வரைக்கும்கூட ஆட்கள் துட்டி (துக்கம்) கேட்க வந்துகொண்டிருப்பார்கள். வந்தவர்களிடம் "எப்படி ஆச்சு" என்ற கதையை ஐம்பது தடவை சொல்லிச் சொல்லித்தான் பெற்றவர்கள் நடந்ததை நம்பத் தொடங்குவார்கள். இவர்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. பால் தெளிப்பும் இல்லை, பதினாறும் இல்லை. ஊர் அங்கீகரிக்காத துக்கம் தனியாக ஒரு வகைப் பாரம் என்று கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989லேயே எழுதியிருக்கிறார். இங்கே ஊருக்கு மனதில்லாமல் இல்லை, வழிதான் இல்லை. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

நாங்கள் பார்த்தது, ஜூன் கடைசி

தடுப்பூசிக் கணக்கெடுக்கப் போன செவிலியர் ஒருவர்தான், துக்க வீடுகளுக்குப் போய்வரும் எங்கள் குழுவுக்குச் சொன்னார்: கண்டக்டர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார், ஆள் பாதியாகிவிட்டார். நாங்கள் போனபோது அவர் வாசல் திண்ணையில் இருந்தார். மகனுடைய போன் கையிலேயே இருந்தது. அதை தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார், ரீசார்ஜ் தீரத் தீரப் பணமும் கட்டி வந்தார். எங்காவது சைரன் கேட்டால் எழுந்து தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். இரவில் தூக்கமில்லை. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் "நான்தான் விடாதேன்னு சொன்னேன்" என்பதில் வந்து முடிந்தது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டோம். இதைச் சுற்றி வளைக்காமல் கேட்பதுதான் சரி, கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பதெல்லாம் வீண் பயம். "போயிட்டா நல்லதுன்னு தோணுது, போறதுக்கு எதுவும் செய்யத் தோணல" என்றார். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை எழுதிக் கொடுத்தோம், மகளிடமும் தனியாகப் பேசி வைத்தோம்.

அம்மா மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஊரடங்கில் தைக்க வேலை இல்லாததால் பழைய சேலைகளை வெட்டி மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில். எங்களை உள்ளே வரச் சொன்னதும் அவர்தான், காபி கொடுத்ததும் அவர்தான், மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசாததும் அவர்தான்.

போஸ்டர், ஜூலை

தளர்வு வந்து அச்சகங்கள் திறந்த பிறகு ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துப் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒட்டினார்கள், ஸ்டாண்டில் ஒரு ஃபிளெக்ஸும் வைத்தார்கள். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. யாரோ ஒருத்தன் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி, 108 சீருடைக்கு மேல் பொருத்தியிருந்தார்கள். கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் இடையில் கல்யாணப் பந்தலின் சிவப்பு கொஞ்சம் தெரிந்தது. மேலே "கொரோனா போராளி", கீழே தோற்றம், மறைவு, அதற்கும் கீழே "இப்படிக்கு" போட்டு இருபது முப்பது பேர். பட்டப்பெயர்களோடு.

தோற்றத்தில் வருடம் தப்பு. இரண்டு வருடம் குறைத்துப் போட்டுவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் போனில் படம் எடுத்துக் காட்ட, மகன் இறந்த பிறகு முதல் தடவையாக அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினார். அச்சகத்துக்குப் போய், "எம் மகன் எப்பப் பொறந்தான்னு எனக்குத் தெரியாதா" என்று சத்தம் போட்டிருக்கிறார். அச்சகக்காரர் ஆர்டர் கொடுத்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு விட்டார். அவர் வந்து மன்னிப்புக் கேட்டு, கண்டக்டரைப் பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்துப் பேச ஆரம்பித்திருக்கிறார். கடை சாத்துகிற வரை பேச்சு ஓடியிருக்கிறது. அதில்தான் அப்பாவுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது: அந்த வருடம் ஜனவரியில் மதுரையில் ஒரு தனியார் லேபில் இதைவிடக் கூடுதல் சம்பளத்துக்கு மகனைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவன் போகவில்லை. ஸ்டாண்டில் எல்லோரும் போகச் சொன்னார்கள், அவன்தான் இந்த வேலையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். வீட்டில் சொல்லவே இல்லை.

எழுதும்போது இது சின்னச் செய்தியாகத் தெரியலாம். "நான்தான் விடாதேன்னு சொன்னேன்" என்று ஒன்றரை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அப்படி இல்லை. அன்றைக்குச் சாப்பிட்டார் என்று மகள் போனில் சொன்னார்.

வருடத்தைத் திருத்தி ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு அப்பா தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஃபிளெக்ஸுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் படத்தைப் பார்த்து, இவர்தான் அப்பா என்று தெரிந்ததும் தங்கள் கதையைச் சொல்வார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க அம்மாவத் தூக்கிட்டுப் போனாரு, மாடிப்படியில ஸ்ட்ரெச்சர் ஏறாதுன்னு சேர்லயே வச்சு இறக்குனாரு, பெட் கிடைக்கிற வரைக்கும் எங்கள விட்டுட்டுப் போகவே இல்ல. துட்டி கேட்க வீட்டுக்கு வர முடியாமல் போன ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து கேட்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உறவினர்களுக்கு இது பிடிக்கவில்லை. மனுஷன் புத்தி பேதலித்துப் போய்ப் போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார், தடுத்து நிறுத்துங்கள் என்று எங்களிடம் வந்தார்கள். நாங்கள் தடுக்கவில்லை. போய் வருகிற நாளில் மாத்திரை போடுகிறார், டீக்கடையில் இரண்டு இட்லியாவது சாப்பிடுகிறார், நான்கு பேரோடு பேசுகிறார். வீட்டில் இருந்தால் இது எதுவும் இல்லை. மருத்துவரிடமும் காட்டினோம், அவர் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மட்டும் மருந்து கொடுத்தார். நீடித்த துக்கம் என்பதை ஒரு நோயாகக் கணக்கில் எடுக்க, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி. 11 குறைந்தது 6 மாதம் ஆக வேண்டும் என்கிறது, 2022ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. இவருக்கு அப்போது இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் ஒரு பெயர் வைக்க நாங்கள் விரும்பவில்லை.

இரண்டாவது முடிவு, கேட்ட கதைகளை அவரையே எழுதி வைக்கச் சொன்னது. கண்டக்டராக இருந்தவர் அல்லவா, கணக்கு நோட்டு போலத் தேதி, ஊர், ஆள், விஷயம் என்று கோடு போட்டு எழுதினார். ஒரே ஆள் இரண்டு தடவை சொன்னால் இரண்டாவதை அடித்துவிடுவார்.

மூன்றாவது கொஞ்சம் யோசித்து எடுத்தது. மயானத்தில் உடலை இறக்கிய தன்னார்வலர்களில் ஒருவரை ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். அப்பாவிடம், பார்க்க விருப்பமா என்று மட்டும் கேட்டோம். ஒரு வாரம் பதில் இல்லை, அப்புறம் சரி என்றார். வந்தவர் ஒரு முஸ்லிம் இளைஞர், செல்போன் கடை வைத்திருப்பவர். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "உள்ளே என்ன செஞ்சீங்க?" அந்தப் பையன் வரிசையாகச் சொன்னார். பேரைக் கேட்டுப் பேரைச் சொல்லித்தான் தூக்கினோம். உங்க முறை எங்களுக்குத் தெரியாது, மயானத்துக்காரர்கிட்ட கேட்டு சூடம் ஏத்தினோம், தண்ணி தெளிச்சோம். பூ இல்ல, வேப்பங்கொப்பு ஒடிச்சு வச்சோம். குடும்பம் கேட்டால் காட்டலாம் என்று ஒரு சின்ன வீடியோவும் எடுத்து வைத்திருந்தார். அப்பா பார்க்கவில்லை, "அழிச்சிராதப்பா, வச்சிரு" என்றார். கட்டாயப்படுத்த வேண்டாம், ஒரு பிரதி மட்டும் மகளிடம் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே தேம்ஸ் கரைச் சுவரில் 2021 மார்ச் கடைசியிலிருந்து, இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயம் என்று ஒன்றரை லட்சத்தை நெருங்கி வரைந்தார்கள், வரையத் தொடங்கியவர்கள் உறவுகளை இழந்த குடும்பங்கள்தான். நம் ஊரில் அப்படி ஒரு சுவர் எழவில்லை. நமக்குத் தெரிந்தது போஸ்டர், அதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற படித்தவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன், இப்போது இல்லை.

மேடை, ஆகஸ்ட்

சுதந்திர தினத்தை ஒட்டி உள்ளூர் அமைப்பு ஒன்று குடும்பத்தைக் கௌரவிக்க வேண்டும் என்று வந்தது. அம்மா வரமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்பா போனார். சால்வை, ஷீல்டு, தியாகி என்று அரை மணி நேரப் பேச்சு. பேசியவர்களில் யாருக்கும் மகனைத் தெரியாது. ஒருவர் பெயரையே மாற்றிச் சொன்னார். திரும்பி வந்த அப்பா இரண்டு நாள் வெளியே வரவில்லை. நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

ஒரே வருடத்தில் ஒரே மனிதருக்குக் கிடைத்த இரண்டு அஞ்சலிகள், ஒன்று தூக்கிவிட்டது, ஒன்று சாய்த்துவிட்டது. மரியாதை இரண்டிலும் இருந்தது. டீக்கடையில் பேசியவர்கள் அவருக்குத் தெரியாத மகனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேடையில் இருந்தவர்கள் அவருக்குத் தெரிந்த மகனையும் எடுத்துக்கொண்டு ஒரு தியாகியை நிறுத்தினார்கள். தியாகி என்றால் தெரிந்தே கொடுத்த உயிர் என்றாகிறது, அப்படியானால் அனுப்பி வைத்தவர் யார்? பழைய கேள்வி திரும்பி வந்துவிட்டது. "போராளி"யை எடுத்துவிட்டு "108 தம்பி" என்று போடச் சொல்லி ஃபிளெக்ஸை மாற்ற வைத்தது அப்பாவேதான், செப்டம்பரில்.

அம்மா

இவருக்கு அஞ்சலி எதுவும் உதவவில்லை. மாலை போட்ட மாதிரி படம் போட்டது முதல் கோபம். லேப் வேலை விஷயம் தெரிந்ததும் அப்பாவுக்கு நெஞ்சுப் பாரம் குறைந்தது, அம்மாவுக்குக் கூடியது. "நம்மகிட்ட சொல்லாம முடிவு எடுத்திருக்கான்ல" என்றார். பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போகாமல் சுற்று வழியில் மார்க்கெட் போனார். ஊரே புகழட்டும், அதே ஊர்தான் அவனை வீட்டை விட்டு வெளியே தங்க வைத்தது என்பதை அவர் மறக்கவில்லை, அதை மறக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவரிடம் போஸ்டரைப் பற்றிப் பேசுவதில்லை என்று குழுவில் முடிவு செய்தோம். எங்களில் ஒரு பெண் பணியாளர் தனியாகப் போய் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுத்தார். பல வாரம் கழித்து, அந்தத் தெருக்காரர்கள் இரண்டு பேர் பெயரைச் சொல்லி அம்மா அழுதார்.

தொடர்ந்து நடந்தது

அக்டோபர் 4 அன்று, கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவி என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பல வீடுகளில் இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று இருக்காது, நிமோனியா என்று இருக்கும். பரிசோதனையில் தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்திருந்தாலும் அப்போது கணக்கில் வந்தது, சான்றிதழில் தகராறு என்றால் மாவட்டக் குழுவிடம் போக முடிந்தது. இதெல்லாம் யாருக்குத் தெரிந்திருந்தது? பஸ் ஸ்டாண்டில் கதை சொல்ல வந்தவர்களிலேயே வீட்டில் ஆளை இழந்தவர்கள் இருந்தார்கள். அப்பா அவர்களுடைய பேப்பர்களை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார். முப்பது வருடம் டிப்போவில் படிவம் நிரப்பிய கை. ஸ்டாண்டில் ஒரு ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார், ஜெராக்ஸ் எடுக்க அனுப்புவார், ஆதார் நகல் இல்லாமல் வருபவர்களைத் திட்டுவார். நம்பிக்கை என்று நாங்கள் குறிப்பில் எழுதியது இதைத்தான். அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை.

2022 ஜனவரி கடைசியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அறிவித்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் நகராட்சி ஊழியர்கள் எல்லா ஃபிளெக்ஸையும் இறக்கினார்கள், இதுவும் போயிற்று. சரிவு வரும் என்று எதிர்பார்த்து அடிக்கடி போய்ப் பார்த்தோம். ஒரு வாரம் வீட்டிலேயே இருந்தார், அப்புறம் விண்ணப்பம் நிலுவையில் இருந்த ஒரு பெண் வீடு தேடி வந்து கூப்பிட, கிளம்பிவிட்டார். கழற்றிய ஃபிளெக்ஸைப் பரணில் ஏற்றி வைத்தது அம்மா.

மே மாதம் முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஸ்டாண்டில் நீர்மோர் பந்தல் வைத்தார்கள். போஸ்டருக்குப் போட்டோவும் தேதியும் வீட்டிலிருந்தே போயின. அன்று மாலை மகளோடு உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்ததாக அப்பா சொன்னார், என்ன தோன்றியது என்று நாங்கள் கேட்கவில்லை. மகனுடைய சிம்முக்கு இப்போதும் ரீசார்ஜ் செய்கிறார். அதைக் குறையாக எழுதவில்லை. அம்மா மாதத்தில் பாதி நாள் மகள் வீட்டில் இருக்கிறார், தூக்கம் இன்னும் சரியாகவில்லை, தொடர்ந்து பார்க்கிறோம்.

இனி மாற்றிக்கொள்வது

தொற்றுக் காலத்தில் இறப்பு நடந்த வீட்டுக்குப் போகும்போது, முகம் பார்க்கவும் அஸ்தி வாங்கவும் அனுமதி உண்டு என்பதை ஒரு தாளில் தமிழில் அச்சடித்து ஆம்புலன்ஸிலும் மயானத்திலும் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். உடலைத் தூக்கிய தன்னார்வலரின் பெயரையும் எண்ணையும் அன்றைக்கே குறித்து வைக்கிறோம், ஏனென்றால் பெற்றவர்கள் பின்னால் தேடுவது அவரைத்தான். அப்பா, அம்மா இருவரையும் முதல் நாளிலிருந்தே தனித்தனியாகப் பார்க்கிறோம், ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்கு எரிச்சலாக இருக்கலாம்.

போஸ்டர் அடிக்கிற நண்பர்களுக்கு: முதலில் வீட்டில் ஒருவரைக் கேளுங்கள், அம்மாவையும் சேர்த்து. போட்டோவை அவர்களே தரட்டும். பட்டம் வேண்டாம், என்ன செய்தார் என்று ஒரு வரி போடுங்கள். "இப்படிக்கு" பட்டியலைக் குறைத்துக்கொண்டு ஒரு போன் எண்ணும், வீட்டார் எந்த நேரம் எங்கே இருப்பார்கள் என்பதும் போடலாம், அவர்கள் சம்மதித்தால்.